நான் கண் வரைந்த குதிரை

கைத்தொழில் ஆசிரியராகப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். வாழ்த்தையெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், அதனால் எச்சரிக்கையை நான் சொல்லிவிடுகிறேன். உங்கள் வகுப்பில் உங்களைவிட அதிகம் தெரிந்த பிள்ளைகள் இருப்பார்கள். இருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் நான் செஞ்சிக்குப் போனேன். விளைவாக ஒரு நாள் கடைத்தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கையில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு, செருப்பில்லாமல், ஒன்றரை மைல் தூரம் பின்பக்கமாகவே நடந்தேன். எப்படி என்று கேளுங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. கையில் மண்பாண்டத் தொழில் சான்றிதழ், தோளில் துணிப்பை, மனசு நிறையத் திமிர். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்துப் பூச்சாடியும் சாம்பல் கிண்ணமும் செய்யக் கற்றிருந்தேன். செஞ்சியில் அந்த உயர்நிலைப் பள்ளிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகைதான் என் வகுப்பு. ஜன்னலைத் திறந்தால் கோட்டை இருக்கிற ராஜகிரி மலை உள்ளே வந்துவிடும் போல நிற்கும். பதினெட்டுப் பிள்ளைகள். அதில் பதினொரு பேர் பானை சட்டி செய்கிற வீட்டுப் பிள்ளைகள். இந்த விவரம் தெரியாமல் முதல் நாள் களிமண்ணைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் ஒன்பதாம் வகுப்பு அஞ்சலை எழுந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க பெசஞ்சி வச்சிருக்கற மண்ணுல மணலே சேக்கல. சூளைல வச்சா வெடிச்சிடும்."

"புத்தகத்தில் இப்படித்தான் போட்டிருக்கு, உட்காரு" என்றேன்.

வெடித்தது. மூன்று பூச்சாடி, ஒரு சாம்பல் கிண்ணம். அன்றைக்கே அஞ்சலையிடம் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டிருந்தால் எனக்கு நல்லது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. 'மண் சரியில்லை' என்று சொல்லிச் சமாளித்தேன். பிள்ளைகள் ரொம்ப மரியாதையாகச் சிரித்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மேலதிகாரி ஒருவர் பள்ளிக்கு வருகிறார். மண்பாண்ட வகுப்பைத் தொடரலாமா, மூடிவிட்டு அந்த இடத்தில் புத்தகம் பைண்டிங் செய்யும் வகுப்பை வைக்கலாமா என்று நேரில் பார்த்து அன்றைக்கே முடிவு செய்வார். தலைமை ஆசிரியர் கடிதத்தை இரண்டு தரம் படித்துக் காட்டினார். நல்ல மனிதர், ஆனால் காக்கை கத்தினாலே டென்ஷன் ஆகிவிடுவார். வகுப்பு போனால் என் தற்காலிக வேலையும் போகும். அதைவிட என்னைக் குத்தியது அஞ்சலை சொன்னதுதான்.

"ஸ்கூல்ல மண்ணு வேலையும் நடக்குதுன்னுதான் டீச்சர் நைனா என்ன அனுப்புறாரு. வகுப்பு இல்லன்னா, வூட்லயே செய்யின்னுடுவாரு."

அதிகாரிக்கு எதைக் காட்டுவது என்று பிள்ளைகளிடமே கேட்டேன். அந்த வருஷத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். பதினெட்டு பேரும் ஒரே குரலில், "குதிர!" என்றார்கள்.

எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில் ஐயனார் கோயில் முன்னால் வரிசையாக மண்குதிரைகள் நிற்குமே, அந்தக் குதிரை. முதுகே என் நெஞ்சு உயரத்துக்கு, தலை எனக்கும் மேலே. காலைத் தனியாக, வயிற்றைத் தனியாக, தலையைத் தனியாகச் செய்தார்கள். தலை அஞ்சலையின் வேலை. அவள் அப்பாவின் சூளையில் சுட்டு எடுத்தார்கள். அவருடைய தொழிலும் மண்தான். ஏரிக்கரை ஐயனாருக்குப் பூசை செய்வதும் அவரேதான். வெள்ளை உடம்பு, சிவப்புச் சேணம், கழுத்தில் மண்ணாலேயே மணிகள். சனிக்கிழமைகளில் தெருக்கூத்துப் பழகும் எங்கள் பள்ளிப் பையன்கள் தங்கள் பங்குக்குப் பத்து நிமிஷம் ஆடிக்காட்டுவதாக ஏற்பாடு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் குதிரையைக் காட்டினேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுக் கொட்டகையைப் பூட்டலாம் என்று போனேன். அப்போதுதான் கவனித்தேன், குதிரைக்குக் கண் இல்லை. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை மேடு, அவ்வளவுதான். பாவம், அவசரத்தில் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இங்கே என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். எங்கள் ஊர் மாதா கோயிலுக்குச் சுரூபம் வந்தால் வைக்கோல் அடைத்த பெட்டியில், கண்ணும் புருவமும் எழுதியே வந்து இறங்கும். கண்ணில்லாத சிலையை நான் பார்த்ததே கிடையாது. ஒரு குழந்தைக்குத் தலை சீவிவிட மறந்துபோனால் நாம் சீவிவிடமாட்டோமா? அந்த மாதிரிதான் இதுவும் என்று நினைத்தேன்.

கறுப்பு மையைக் கலக்கினேன். ஒரு கால் ஆட்டம் கண்ட முக்காலி மேல் ஏறினேன். வலது கண் வட்டமாக, அழகாக, நட்ட நடுவில் வந்தது. இடது கண்ணுக்குக் கையைக் கொண்டுபோனபோது முக்காலி ஆடியது. கருவிழி நகர்ந்து மூக்கோரம் போய் உட்கார்ந்துவிட்டது. இறங்கி நின்று பார்த்தேன். குதிரை ஏதோ குறும்பு செய்துவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்ப்பது போல இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பூட்டிவிட்டுப் போனேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை வெட்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

காலையில் கொட்டகையைத் திறந்ததும் அஞ்சலை போட்ட சத்தம் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஐயோ டீச்சர்! கண்ணத் தொறந்துட்டீங்களா?"

"மறந்துட்டீங்களேன்னு..."

"யாரு மறந்தாங்க? வேணும்னுதான் வுட்டு வச்சிருந்தோம்! கண்ணு வரையற வரைக்கும்தான் டீச்சர் அது மண்ணு. வரைஞ்சிட்டா ஐயனாரோட குதிர. இனிமே அது இங்க நிக்காது."

"நிக்காதுன்னா?"

"கோயிலுக்குப் போயாவணும். இன்னிக்கே."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது. அதிகாரி வரும் நேரம் பத்தரை. இதற்குள் ஒரு பையன் ஊருக்குள் ஓடிவிட்டான். செஞ்சியில் தந்தி ஆபீசைவிட அவன் வேகம். இருபதாவது நிமிஷம் அஞ்சலையின் அப்பா வந்தார். பின்னாலேயே ஏழெட்டு ஆட்கள், இரண்டு மூங்கில், ஒரு மேளம். அவர் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடது கண்ணுக்கு முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.

"யாரு தொறந்தது?"

கொட்டகையில் இருந்த அத்தனை விரலும் என்னைக் காட்டியது.

தலைமை ஆசிரியர் வேர்க்க விறுவிறுக்க என்னைத் தனியாக இழுத்தார். "கெரசின் இருக்கு. ஒரு துணியில நனைச்சு அந்தக் கண்ணைத் துடைச்சிடும்மா. கண்ணே இல்லன்னா பிரச்சினையும் இல்ல. அதிகாரி பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போகட்டும். நம்ம வகுப்பு, உன் வேலை, எல்லாம் அந்தக் குதிரை மேலதான் இருக்கு."

அவர் சொன்னது தப்பே இல்லை. ஒரு நிமிஷ வேலை. நான் கெரசின் துணியோடு குதிரையிடம் போனேன். அஞ்சலை குறுக்கே வந்து நின்றாள். கத்தவில்லை, அழவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"தொறந்த கண்ண யாராச்சும் புடுங்குவாங்களா டீச்சர்?"

மற்ற பதினேழு பேரும் என் கையையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் துடைத்திருப்பேன். கோபம் இல்லை. இவள் துடைத்துவிட்டால் நாளையிலிருந்து இவளிடம் பேச நமக்கு எதுவும் இருக்காது என்கிற ஒரு வருத்தம்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகள் நான்கு வாரம் கை வலிக்க உருவாக்கிய பொருளுக்கு ஒரு உயிர் உண்டு என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அழித்துவிட்டு எந்த வகுப்பைக் காப்பாற்றப் போகிறேன்? இளையவர்களே, நெருக்கடியில் எடுக்கிற முடிவை யோசித்து எடுத்ததாகப் பிற்பாடு எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். நான் யோசிக்கவில்லை. எனக்கு அந்தத் துணியைப் பிடித்திருக்கவே கூசியது. கீழே போட்டேன்.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

தலைமை ஆசிரியர் நாற்காலியைத் தேடினார்.

"போறது இருக்கட்டும்" என்றார் அஞ்சலையின் அப்பா. "தொறந்தவங்கதான் டீச்சரம்மா முன்னாடி போவணும். கண்ணாடியக் காட்டிக்கினே. குதிர தன் மூஞ்சியத் தானே பாத்துக்கினு வரணும். கோயிலு போய்ச் சேர்ற வரைக்கும் கண்ணாடி வெலகக் கூடாது."

"கண்ணாடியைக் காட்டிக்கிட்டே முன்னால போகணும்னா, நான் எப்படி நடக்கறது?"

"பின்னாடியேதான்" என்றார் அவர், அதில் என்ன சந்தேகம் என்பது போல.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழுத்தில் ஒரு சாமந்தி மாலை விழுந்தது. யார் வீட்டிலிருந்தோ மரச்சட்டம் போட்ட கண்ணாடி வந்தது. மேளம் அடித்ததுதான் தாமதம், அதிகாரிக்கு ஆடிக்காட்டக் காலையிலிருந்தே முகத்தில் சாயம் பூசி, மரக்கிரீடம் கட்டி உட்கார்ந்திருந்த கூத்துப் பையன்கள் ஆறு பேரும் எழுந்து குதித்துக்கொண்டு ஊர்வலத்தில் சேர்ந்துவிட்டார்கள். காட்சிப் பொருளும் போயிற்று, கலை நிகழ்ச்சியும் போயிற்று. பள்ளியில் மிஞ்சியது தலைமை ஆசிரியரும் ஒரு கெரசின் துணியும்தான்.

பின்பக்கமாக நடந்து பார்த்திருக்கிறீர்களா? கடைத்தெருவில், புழுதியில், மாலையோடு? எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர்கள்தான் எனக்குக் கண்.

"டீச்சரம்மா, பள்ளம்! பள்ளம்!"

"ரைட்ல வாங்க, மாடு படுத்திருக்குது!"

"நேரா வாங்க, நேரா... யோவ், அந்த சைக்கிள எடுய்யா!"

ஜவுளிக்கடைச் செட்டியார் குடம் குடமாகத் தண்ணீரைத் தெருவில் ஊற்ற, நான் சேற்றில் வழுக்கினேன். மளிகைக்கடைக்காரர் தேங்காய் உடைத்தார், ஒரு சில்லு என் முழங்காலில் பட்டது. கூத்துப் பையன்களில் கோமாளி வேஷக்காரன் எனக்கு இணையாகப் பின்பக்கமாகவே ஆடிக்கொண்டு, "பராக்! பராக்! பின்னால் போகும் மகாராணி முன்னால் வருகிறாள்!" என்று கட்டியம் கூறினான். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணாடி ஆடியது. எதிரே குதிரை, தன் ஓரக்கண்ணால் ஒரு முறை கண்ணாடியையும் ஒரு முறை செட்டியார் கடையையும் பார்த்துக்கொண்டே வந்தது. நான் வரைந்த கண் எவ்வளவு கோணல் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

அன்றைக்குச் சந்தை நாள். கூட்டத்தில் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊரிலிருந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டையோடு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற தன் மகள், ஐயனார் குதிரைக்குக் கண்ணாடி காட்டிக்கொண்டு பின்பக்கமாக வருவதைப் பார்த்தார். நான் அவரைக் கடந்து போகும்போது கேட்டார்.

"ஏம்மா, செருப்பு எங்க?"

"ஸ்கூல்ல இருக்குது நைனா."

"சரி, பாத்துப் போ."

அதற்கு மேல் நான் இரண்டடிதான் வைத்தேன். என் முதுகு எதன் மேலோ மோதியது. சூடாக, இரும்பாக இருந்தது. மேளம் நின்றது. கடைத்தெருவில் ஒருவர்கூட "ஜீப்பு" என்று எனக்குச் சொல்லவில்லை. எல்லாரும் ஜீப்பைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

"யாரும்மா நீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கண்ணாடியைக் கீழே இறக்கக் கூடாது, திரும்பவும் கூடாது. குதிரையைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். "மண்பாண்ட டீச்சர், சார்."

"இது என்ன?"

"தங்களுக்குக் காட்ட வேண்டிய காட்சிப் பொருள், சார்."

"எங்கே போகுது?"

"கோயிலுக்கு, சார்."

தலைமை ஆசிரியர் எங்கிருந்தோ மூச்சிரைக்க ஓடிவந்து, "சார், எல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு சார்" என்றார். நான் கீழே போட்ட கெரசின் துணி அவர் கையில் இருந்தது.

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் அஞ்சலையின் அப்பா முன்னால் வந்து கும்பிட்டார். "சாமி, தப்பா நெனைக்காதீங்க. ஊர்வலத்த யாரு நிறுத்துனாங்களோ, அவங்க தோளு குடுத்தாத்தான் மறுபடி எடுக்க முடியும். எங்க ஊரு வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த இடத்தில் அவரே செய்த வழக்கம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதிகாரி குதிரையைப் பார்த்தார், மரக்கிரீடத்தோடு நின்ற பையன்களைப் பார்த்தார், சேற்றில் நிற்கிற என் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றினார். கடைத்தெருவே கைதட்டியது.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டைத் தோளில் குதிரையின் சிவப்புச் சாயம் ஏறியிருந்தது. பழைய குதிரைகளின் வரிசையில் கடைசியாக எங்கள் குதிரையை நிறுத்தினார்கள். கற்பூரம் காட்டினார்கள். என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டார்கள். கை இரண்டும் மரத்துப்போயிருந்தது. அதிகாரி என்னிடம் வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மண் வெடித்ததிலிருந்து முக்காலி ஆடியது, கெரசின் துணி வரைக்கும். மறைத்து வைக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

"இந்தக் குதிரையில உங்க வேலை எது?" என்று கேட்டார்.

"அந்த இரண்டு கண்ணு மட்டும்தான், சார். அதுவும் தப்பு."

அவர் அஞ்சலையைக் கூப்பிட்டார். "கண்ணைத் துடைச்சிருந்தா நான் பள்ளிக்கூடத்துலேயே பார்த்திருப்பேனே. வகுப்பு போயிடுமேன்னு உனக்குப் பயமில்லையா?"

"பயந்தான் சார்" என்றாள் அஞ்சலை. இந்த முறை அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "அதுக்காக அதக் குருடாக்கிட்டு, நாங்க உக்காந்து இன்னா சார் கத்துக்கறது?"

அவர் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினார். எழுதியதில் ஒரு வரியைப் பிள்ளைகளுக்காக உரக்கப் படித்தார்: "மண்பாண்ட வகுப்பு தொடரவேண்டியது. பைண்டிங் கருவிகளை வேறு பள்ளிக்கு அனுப்பவும்." அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, மேளம் அப்படி அடித்தது. தலைமை ஆசிரியர் கெரசின் துணியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஆடியதை மட்டும் நான் பார்த்தேன். கடவுள் சத்தியமாகப் பார்த்தேன்.

ஜீப்பில் ஏறும்போது அதிகாரி, "அடுத்த முறை கண் வரையறதுக்கு முன்னால கேட்டுக்குங்கம்மா" என்றார். அதைத்தான் நானும் உங்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தால், தெரியாமல் விட்டார்களா, தெரிந்து விட்டார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதால் உங்கள் மரியாதை ஒன்றும் குறையாது.

மறு வருஷம் பிள்ளைகள் இரண்டாவது குதிரை செய்தார்கள். கண்ணை முறைப்படி அஞ்சலையின் அப்பாவே வந்து வரைந்தார். வலது கண் நடுவில், இடது கண் மூக்கோரம். நான் பதறிப்போய், "ஐயா, அது என் பிழை, முக்காலி ஆடிடுச்சு" என்றேன். அவர் கேட்கவில்லை. "அந்தக் கண்ணு பாத்துத்தான் டீச்சரம்மா நம்ம வகுப்பு பொழச்சிது. இனிமே இப்பிடித்தான்" என்றார்.

வருஷங்கள் ஓடின. எனக்கு எத்தனையோ ஊருக்கு மாற்றல். ஓய்வு பெற்றபின் ஒரு கல்யாணத்துக்காகச் செஞ்சிக்குப் போனவள், ஏரிக்கரை வழியாக நடந்தேன். குதிரைகளின் வரிசை நீண்டிருந்தது. எங்கள் குதிரை காது ஒன்று உடைந்து நின்றது. அதற்கு அப்புறம் நிற்கிற அத்தனை குதிரையும் இடது கண்ணால் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. வரிசைக் கடைசியில் ஒரு இளைஞன் புதுக் குதிரைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, எல்லாத்துக்கும் இடது கண்ணு கோணலா இருக்கே?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"கோணல்னு சொல்லாதீங்கம்மா" என்றான் சுருக்கென்று. "அதுதான் மொற. இந்த வேலையில ரொம்பக் கஷ்டமான எடம் அதுதான். எங்கம்மா செஞ்சி ஸ்கூல்ல படிக்கச்சொல்லோ அங்க ஒரு டீச்சரம்மா இருந்தாங்களாம். பெரிய கை. அவங்க போட்ட கண்ணு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியோடு நரைத்த தலை ஒன்று தெரிந்தது. அஞ்சலை. மகனுக்குச் சோறு கொண்டு வந்திருக்கிறாள். அவளும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அவள் கண்ணிலும் தண்ணீர், என் கண்ணிலும் தண்ணீர்.

ஆசை அடங்கவில்லை எனக்கு. தூரிகைக்காகக் கையை நீட்டி, "குடுப்பா, நான் ஒரு கண்ணு போட்டுப் பாக்கறேன்" என்றேன்.

அவன் தூரிகையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேணாம்மா. பழக்கமில்லாதவங்க தொட்டா கண்ணு நேரா வந்துடும்."